நான் கேட்டு வாங்கிய தாய்மொழிக் கட்டம்

கம்பெனியிலிருந்து வந்த படிவத்தில் 'இனம்' என்று ஒரு கேள்வி இருந்தது. எதிரே ஐந்து கட்டங்கள்: வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், ஆசியர், பிறர். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். நாங்கள் முதல் குழந்தையிலிருந்தே நான்காவது கட்டத்தில் டிக் போட்டு வந்தோம். மதுரையில் வேறு எதில் போடுவது? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டால் பேனா மை மிச்சமாகும் என்றுகூட நினைத்தேன்.

டைபாய்டு காய்ச்சலுக்கான ஒரு புதிய தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கும் ஆய்வு அது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு லாட்ஜை ஒட்டிய மாடியில் எங்கள் மையம் இருந்தது. நான் அப்போது சுகாதாரத் துறையில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்துவிட்டு, நிர்வாக அலுவலராக ஓய்வு பெற்று, விளாங்குடி வீட்டில் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்தவள். சும்மா இருப்பதற்கு விதிமுறை எதுவும் இல்லாததால் எனக்கு அது சரிப்படவில்லை. ஆய்வை நடத்திய டாக்டர் பழைய பழக்கம். "மேடம், ஊசி போட ஆள் இருக்கு. பேப்பர் பார்க்கத்தான் ஆள் இல்லை" என்றார். போய்ச் சேர்ந்தேன். பேப்பர் அரசாங்கத்தைவிட அதிகமாக இருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு ஊசி போட நூற்றுப் பத்துப் பக்கம்.

இந்தத் தடுப்பூசியை அதுவரை வெளிநாட்டில் வெள்ளைக்காரர்களுக்குத்தான் பெரும்பாலும் போட்டுப் பார்த்திருந்தார்கள். எல்லா வகை மனிதர்களின் உடம்பும் ஒரே மாதிரி எதிர்ப்பு சக்தியை உண்டாக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எங்கள் ஊருக்கு வந்தார்கள். இது நியாயமான விஷயம். நானே ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தருக்குத் தைத்த சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டிவிட முடியாது. ஆனால் இவ்வளவு யோசித்தவர்கள் ஆசியா என்பது எவ்வளவு பெரியது என்று ஒரு முறை வரைபடத்தைப் பார்த்திருக்கலாம்.

களப்பணியாளர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம், நாற்பது வயது, மோட்டார் சைக்கிளில் வார்டு வார்டாகவும் கிராமம் கிராமமாகவும் போய்க் குழந்தைகளைச் சேர்ப்பவர். என்னை அக்கா என்பார். 'இனம்' என்ற கேள்வியால் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. நம் ஊரில் ஒரு படிவத்தில் அப்படிக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழை எடுத்து வந்துவிடுவார்கள். ஜெராக்ஸும் தருவார்கள்.

"அது வேணாம்ணே, நீங்க ஆசியா, அம்புட்டுத்தான்னு சொன்னா சண்டைக்கு வாராங்கக்கா. 'எங்களை என்ன லிஸ்ட்ல சேர்த்திருக்க, இதுக்குச் சலுகை உண்டா இல்லையா'ன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

இந்த நிலையில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மையத்தில் பங்கேற்பாளர்கள் அனைவரும் ஒரே இனமாக இருக்கிறார்கள். ஆய்வில் பன்முகத்தன்மை தேவை. இதுகுறித்து உங்கள் கருத்து என்ன? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது நாலு மொழி பேசும் தெருக்கள் உள்ள ஊர். ஒரே தெருவில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுபவர், தெலுங்கு பேசுபவர், உருது பேசுபவர், கன்னடம் பேசுபவர் என்று எல்லோரும் ஒரே குழாயடியில் தமிழில் சண்டை போடுவார்கள். குஜராத்திலிருந்து எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து மதுரைக்காரராகவே ஆகிவிட்ட சௌராஷ்டிரர்களும், மேற்கே கண்மாய்ப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருக்கும் எங்கள் களப்பணியாளர் வீட்டாரும் ஒரே இனமாம். கட்டத்தைப் போட்டது அவர்கள். அதற்குள் அடங்கிப்போனது எங்கள் குற்றம்.

பதில் எழுதினேன். இனம் என்ற கட்டம் எங்கள் ஊருக்குப் பயன்படாது, தாய்மொழி என்று ஒரு கட்டம் சேருங்கள், உங்களுக்கு வேண்டிய பன்முகத்தன்மை அதில் தெரியும் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே படிவத்தின் புதிய பதிப்பு வந்தது. இனத்துக்குக் கீழே 'தாய்மொழி' என்று ஒரு கட்டம். நான் கேட்டு வாங்கியது. முப்பத்து நான்கு வருடத்தில் அரசாங்கம் என் யோசனை ஒன்றைக்கூட இவ்வளவு சீக்கிரம் ஏற்றதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் மூன்று வாரம் அந்தக் கட்டத்தில் வந்தது எல்லாம் 'தமிழ்'. களப்பணியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க கேக்குறீங்களா, கேக்காமலே எழுதுறீங்களா?"

"தமிழ்ல பேசுறவங்ககிட்ட தாய்மொழி என்னன்னு கேட்டா லூசுன்னு நினைப்பாங்கக்கா."

"அடுத்ததிலிருந்து கேளுங்க. இல்லேன்னா நானே கேட்கிறேன்."

நானே கேட்டேன். அப்படி நான் கேட்ட முதல் ஆள்தான் அந்த அம்மாள்.

முனிச்சாலைப் பக்கம் வீடு. கணவர் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாக் காகிதங்களும் அடுக்கி வைத்திருந்தார். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. கூட வந்தது அவருடைய மகள், ஏழு வயது ஆகப்போகிறவள், முன்பல் இரண்டும் இல்லை. மூத்த பையனுக்கு முந்தைய வருடம் டைபாய்டு வந்து, தெரு டாக்டர் ஒருவர் பத்து நாள் சாதாரணக் காய்ச்சல் என்றே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்து, கடைசியில் குடலில் ஓட்டை விழுந்து, பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிழைத்திருக்கிறான்.

"எந்த ஊசி போடுவீங்கன்னு எனக்கு அக்கறை இல்லை மேடம்" என்றார். "புது ஊசியா, ஒப்பிட்டுப் பார்க்கப் போடுற வேற ஊசியான்னு குலுக்கல்ல தான் வரும்னு நாலாம் பக்கத்துல போட்டிருக்கு, படிச்சிட்டேன். டைபாய்டு ஊசி வெளியிலயும் இருக்கு, போட்டுக்கலாம். ஆனா ஒன்பதாம் பக்கத்துல, ரெண்டு வருஷத்துக்கு எப்பக் காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பார்ப்போம்னு போட்டிருக்கே, அது நெசம்தானா?"

"நெசம்தான்."

"அது போதும். என் பையனுக்கு அந்த டெஸ்டை யாராவது ரெண்டாம் நாள் எடுத்திருந்தா வயித்துல இம்புட்டு நீளத் தையல் இருக்காது."

ஒப்புதல் படிவம் பதினாலு பக்கம். எங்களிடம் வந்த பெற்றோர்களில் அதை முழுதும் படித்தது இவர் ஒருவர்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் நல்ல கேள்வி. ஒன்றுக்கு டாக்டரே ஆய்வுத் திட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அதற்கு முந்தின நாள் மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவர் பதினாலு பக்கத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல், "எங்க மாப்ள, கை வைக்கணும்?" என்று களப்பணியாளரிடம் கேட்டுக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். சாட்சிக் கையெழுத்து உண்டு. எல்லாம் முறைப்படி.

தாய்மொழி என்ன என்று கேட்டேன்.

"சௌராஷ்டிரம்" என்றார். தயங்கவே இல்லை. "சென்சஸ் எடுத்தப்பவே எங்க சபையில வீடு வீடா வந்து சொன்னாங்க. தாய்மொழின்னு எவன் கேட்டாலும் சௌராஷ்டிரம்னு தான் சொல்லணும், தமிழ்னு சொன்னா நம்ம எண்ணிக்கை குறைஞ்சு போகும்னு. என் மாமனார் அந்தச் சென்சஸ் வாத்தியார் எழுதினதை எட்டிப் பார்த்து சரி பண்ணிட்டுத்தான் விட்டார்."

எனக்கு அவ்வளவு திருப்தி. அழகாக எழுதினேன். என் கட்டத்துக்கு ஒரு வழியாக மரியாதை வந்தது. ரத்தப் பரிசோதனை, எடை, உயரம் எல்லாம் முடித்து, ஊசிக்கு அடுத்த வாரம் வரச் சொன்னோம். ஆய்வில் சேர ஏழு வயது முடிந்திருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ்படி அவளுக்கு ஏழு முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து கண்காணிப்பாளர் வந்தார். ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று கம்பெனி சார்பில் மாதம் ஒருமுறை வந்து படிவங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவர். இருபத்தாறு வயது, நல்ல படிப்பு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் மஞ்சள் நிற ஒட்டுத்தாள் கட்டு. தப்பு இருக்கும் இடத்தில் ஒன்று ஒட்டுவார். என் படிவங்களில் அவர் கட்டு குறைந்ததே இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன்.

அன்று ஒன்று ஒட்டினார்.

"மேடம், இந்தக் குழந்தையின் தாய்மொழி சௌராஷ்டிரம். ஒப்புதல் வாங்கியிருப்பது தமிழ்ப் படிவத்தில்."

"அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர்."

"கம்பெனிக் கையேட்டில், ஒப்புதல் தாய்மொழியில் வாங்கப்பட வேண்டும் என்று இருக்கிறது மேடம்."

கையேட்டைப் பிரித்தேன். இருந்தது. மருத்துவ ஆய்வுகளுக்கான பொது விதியில் 'புரியும் மொழியில்' என்றுதான் இருக்கும். இந்தக் கையேட்டை எழுதிய புண்ணியவான் அதைத் 'தாய்மொழியில்' என்று மாற்றி எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கும் ஊரில் பிறந்திருப்பார் போலும். இத்தனை நாள் தாய்மொழி என்ற கட்டம் இல்லாததால் இந்த வரியை யாரும் எதனோடும் ஒப்பிடவில்லை. ஒப்பிட வழி செய்து கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

"உங்கள் தாய்மொழி என்ன?" என்று அவரிடம் கேட்டேன்.

"துளு, மேடம்."

"உங்கள் வேலை உத்தரவில் எந்த மொழியில் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"இங்கிலீஷ்."

"அது செல்லுமா, இல்லை திருப்பி அனுப்பிவிடலாமா?"

பையன் நல்லவன். சிரித்தான். சிரித்துவிட்டு ஒட்டுத்தாளை எடுக்காமலே போனான். "சௌராஷ்டிரத்தில் மொழிபெயர்த்துவிட்டால் முடிந்தது மேடம்" என்று வழியும் சொன்னான். அந்த வழி எனக்குத் தெரியாததல்ல. ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு பேரும் சான்றிதழ் தர வேண்டும். பிறகு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அடுத்த கூட்டத்துக்கு ஏழு வாரம் இருந்தது. குழந்தைக்கு ஒன்பது நாள்.

அன்று சாயங்காலமே அந்த அம்மாளுக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்க பாஷையில எழுதிக் குடுப்பீங்களா?"

"கொடுத்தால் கையெழுத்துப் போடுவீங்களா?"

"எனக்கு அதுல வாசிக்கத் தெரியாதே மேடம். எங்க எழுத்து எனக்குத் தெரியாது. எங்க தெருவுல ரெண்டு பெரியவங்களுக்குத் தெரியும், அவங்களுக்கும் இப்ப கண்ணு சரியில்ல. தமிழ் எழுத்துல எழுதினாலும் 'எதிர்ப்பு சக்தி', 'குலுக்கல் முறை' இதுக்கெல்லாம் எங்க பாஷையில என்ன சொல்றதுன்னு தெரியல. நாங்க இதெல்லாம் தமிழ்லதான பேசுறோம்."

ஆக, புரிகிற படிவம் செல்லாது. செல்லுகிற படிவம் புரியாது. இதை ஒரு குறிப்பாக எழுதி, இதே வாசகத்தை நாகரிகமாக மாற்றி, கம்பெனிக்கு ஃபேக்ஸ் செய்தேன். பொது விதியின் நகல் இணைத்தேன். குழந்தையின் பிறந்த நாளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். நெறிமுறைக் குழுச் செயலாளருக்குப் போன் செய்து அவசர ஒப்புதல் கேட்டேன். மொழிபெயர்ப்பு கையில் இருந்தால் அவசரமாகப் பார்க்கலாம் என்றார். கம்பெனியில் இருந்து பதில் வந்தது: உங்கள் ஃபேக்ஸ் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. முப்பத்து நான்கு வருடம் நானே பலருக்கு எழுதி அனுப்பிய வரி அது. வாங்கிப் பார்த்தபோதுதான் அதன் சுவை தெரிந்தது.

டாக்டரிடம் போனேன். அவர் ஒரு நோயாளியின் நாக்கைப் பார்ப்பதை நிறுத்தாமலே, "புரொசீஜர் உங்களைவிட யாருக்குத் தெரியும் மேடம்?" என்றார். பாராட்டுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

களப்பணியாளர் மூன்று நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் டீ கிளாஸைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீங்களே? உங்க வீட்ல தெலுங்குதான பேசுவீங்க?"

"ஆமா."

"உங்க சர்வீஸ் புக்குல தாய்மொழி என்ன எழுதியிருக்கு?"

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"தமிழ்தான?"

"தமிழ்தான்."

"அப்புறம் என்னக்கா? அந்தப் பிள்ளைக்கும் அதையே எழுதிட்டுப் போவோம். அந்தம்மா உசுரைக் கையில பிடிச்சிட்டு நிக்குது. நீங்க என்னமோ சென்சஸ் ஆபீசர் மாதிரி..."

"எழுதியாச்சு. எழுதினதை அழிக்க முடியாது."

"அழிக்க வேணாம். அடிச்சு எழுதலாம்ல? நீங்கதான எங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தீங்க."

கொடுத்தேன்தான். ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். பழைய எழுத்து கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம், தேதி, திருத்தியதற்கான காரணம். வெள்ளை மை தொடவே கூடாது. இதை நான் அவருக்கு இரண்டு முறை வகுப்பெடுத்திருந்தேன். அவர் இரண்டு முறையும் தூங்கினார் என்று நினைத்திருந்தேன்.

"முடியாது. அவர் சொன்னது பொய் இல்லை. எழுதினது தப்பு இல்லை" என்றேன். அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேராக முனிச்சாலைக்குத்தான் போயிருக்கிறார். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்தார். ஏழு முடிய இன்னும் நான்கு நாள். மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். கூடப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, இடுப்பில் மூன்று வயதுப் பையனோடு. துணைக்கு வந்ததாகச் சொன்னாள். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"தமிழ்னு எழுதிக்கோங்க மேடம்."

"உங்க மாமனார்..."

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? நீங்க போய்ச் சொல்லப் போறீங்களா?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அன்னைக்கு நெசத்தச் சொன்னேன், இந்தப் பன்னெண்டு நாளா அலைய விடுறீங்க. தமிழ்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்னு இந்த அண்ணன் சொல்றார். எதுக்குத்தான் கேக்குறீங்க அந்தக் கேள்விய? யாரு கேக்கச் சொன்னா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத் துணிச்சல் இல்லை.

படிவத்தை எடுத்தேன். 'சௌராஷ்டிரம்' மேல் ஒரே கோடு. பக்கத்தில் 'தமிழ்'. சுருக்கொப்பம், தேதி. காரணம் என்ற இடத்தில் 'தாயார் கேட்டுக்கொண்டபடி' என்று எழுதப் போனேன். களப்பணியாளர் தோளுக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எழுதாதீங்கக்கா. 'ஏன் கேட்டாங்க'ன்னு திருப்பிக் கேப்பான். அதுக்குப் பதில் போயிட்டு வாரதுக்குள்ள பிள்ளைக்கு எட்டு வயசாயிரும்."

சரிதான். 'தவறுதலாக எழுதப்பட்டது' என்று எழுதினேன். என் கையெழுத்துக்கு மேலே முழுப் பொய் ஒன்றை எழுதியது அன்றுதான். சர்வீஸில் எழுதிய அரைப் பொய்கள் இதில் சேராது. பெங்களூருக்குப் போன் செய்து சொன்னேன். "தமிழ் என்றால் பிரச்சினையே இல்லை மேடம்" என்றான் பையன். அவனுக்கும் நிம்மதி. பழையதில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்ததால் புதிதாக ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்தோம். அந்த அம்மாள் இந்த முறை படிக்கவில்லை. பதினாலு பக்கத்தையும் விறுவிறு என்று புரட்டிக் கடைசியில் கையெழுத்துப் போட்டார். டாக்டர் ஊசி போட்டார். குழந்தை கத்தவில்லை, கையைத் தேய்த்துக்கொண்டே தாயிடம் அவர்கள் பாஷையில் ஏதோ புகார் சொன்னாள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அரை மணியும் அந்த அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுநடுவே 'ரெண்டு வருஷம்', 'ரத்தம்', 'ஒன்பதாம் பக்கம்' என்று தமிழ் வந்துபோனது. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். கேட்டவள் குறுக்குக் கேள்வி கேட்டாள், இவர் பதில் சொன்னார். ஏழு வாரமும் இரண்டு சான்றிதழும் ஒரு கூட்டமும் தேவைப்பட்ட வேலை என் கண்ணெதிரே மர பெஞ்சில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பதிய ஒரு கட்டமும் இல்லை. நானும் புதிதாக ஒன்று கேட்கப் போவதில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் பையனோடு என் மேஜைக்கு வந்தாள். இவனையும் சேர்க்க வேண்டுமாம். பெயர், வயது, முகவரி எழுதினேன். நான் அடுத்ததைக் கேட்பதற்கு முன்னாலேயே அவளே சொன்னாள்:

"தாய்மொழி தமிழ், மேடம்."

பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். அதன் பிறகு முனிச்சாலையிலிருந்து வந்தவர்கள் யாரும் வேறு எதையும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, நான் மாடிப்படி ஏறும்போதே அந்த அம்மாள் கதவருகே நின்றிருந்தார். மகள் தோளில் சாய்ந்து கிடந்தாள். ராத்திரியிலிருந்து காய்ச்சலாம், வயிறு வலிக்கிறதாம். டாக்டர் வந்து வயிற்றை அமுக்கி, "எங்கம்மா வலிக்குது, இங்கயா, இங்கயா?" என்று கேட்டார். பள்ளியில் தமிழ் பேசுகிற குழந்தைதான். ஆனால் நூற்றிரண்டு டிகிரியில் அவளுக்கு வீட்டுப் பாஷைதான் வந்தது. முனகினாள். தாய் சொன்னார்: "தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம்ங்கிறா. வாந்தி வரலையாம், வர்ற மாதிரி இருக்காம்." டாக்டர் எழுதிக்கொண்டார்.

காய்ச்சல் படிவத்தை நான் நிரப்பினேன். அதில், பங்கேற்பாளரோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாரா என்று ஒரு கேள்வி உண்டு. மேலே தாய்மொழி தமிழ் என்று இருக்கும்போது தேவைப்பட்டது என்று எழுதினால் பெங்களூரிலிருந்து மஞ்சள் தாள் வரும். இல்லை என்று டிக் போட்டேன்.

அந்த அம்மாளின் கவனம் என் பேனாவில் இல்லை. நர்ஸ் குழந்தையின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, புட்டியில் இறக்கி, லேபிள் ஒட்டும்வரை கண் இமைக்காமல் பார்த்தார். புட்டி பெட்டிக்குள் போனதும் கேட்டார்:

"இன்னைக்கே லேபுக்குப் போயிரும்ல?"

"இப்பவே போகுது" என்றேன். களப்பணியாளர் அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியிருந்தார்.